படத்தில் இருக்கும் பிள்ளை யார்?

இணையத்தில் குழந்தைகளைக் குறிவைப்பவர்களிடமிருந்து அவர்களைக் காக்கும் காவல் பணியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பேசவும் கேட்கவும் கூசும் பொருள்தான். ஆனால் பெரியவர்களின் கூச்சத்தை நம்பித்தான் இந்தக் குற்றம் பிழைத்திருக்கிறது. ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவிட்டுச் சான்றுகளோடு பேசுவோம். நம் ஊர் வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஜனவரியில் சென்னை அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஒருவரது கைபேசியில் சிறார் இடம்பெற்ற ஆபாச வீடியோக்கள் இரண்டு இருந்தன என்பது குற்றச்சாட்டு. யாருக்கும் அனுப்பாமல் தனியே வைத்துப் பார்த்தது குற்றமாகாது என்று கூறி, 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. குழந்தை உரிமை அமைப்புகளின் கூட்டணி ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பர்திவாலாவும் அடங்கிய அமர்வு உயர் நீதிமன்ற ஆணையை நீக்கி, விசாரணை தொடர வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்பு சட்டத்தை விளக்கியதோடு நிற்கவில்லை. ஒரு சொல்லையும் திருத்தியது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்று நீதிமன்றங்கள் இனி எழுதக் கூடாது, குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சுரண்டி வன்கொடுமை செய்ததன் பதிவு என்றே குறிப்பிட வேண்டும் என்றது. ஆபாசம் என்ற சொல் பார்ப்பவனைப் பற்றிப் பேசுகிறது. அவன் ஒழுக்கத்தை எடைபோடுகிறது. வன்கொடுமைப் பதிவு என்னும்போது பேச்சு படத்துக்குள் இருக்கும் பிள்ளையை நோக்கித் திரும்புகிறது. ஓர் உயிருக்கு ஓர் இடத்தில், ஒரு நாளில் கொடுமை நடந்தது. அதற்கான சாட்சியம் இந்தக் கோப்பு. நீதிமன்றம் சொல்லில் செய்த இந்தத் திருப்பத்தைக் காவல் துறை தன் வேலையில் செய்ய வேண்டும் என்பதே என் வாதம். ‘இதை யார் வைத்திருந்தார்?’ என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கேள்வி வேறு: ‘படத்தில் இருக்கும் இந்தப் பிள்ளை யார், இப்போது எங்கே இருக்கிறது?’ இந்தத் துறையில் காவல் பணியின் தரத்தை, எத்தனை பேர் கைதானார்கள் என்பதைவிட எத்தனை பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டு மீட்கப்பட்டார்கள் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்பதற்கு முதலில் எண்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் என்றொரு நிறுவனம் 1984 முதல் இயங்குகிறது. அமெரிக்க இணைய நிறுவனங்கள் தங்கள் தளங்களில் இத்தகைய பதிவுகளைக் கண்டறிந்தால், சட்டப்படி அந்த மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவோடு தொடர்புடைய தகவல்களைப் பெற, நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019இல் அந்த மையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கிருந்து மாநிலத்துக்கும், மாநிலத் தலைமையிடத்திலிருந்து அம்பத்தூர் போன்ற ஒரு நிலையத்துக்கும் தகவல் வந்து சேர்கிறது. 2023இல் மட்டும் அந்த மையத்துக்கு 3 கோடியே 62 லட்சம் தகவல்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 89 லட்சம் இந்தியாவோடு தொடர்புடையவை. எந்த நாட்டையும்விட அதிகம். இந்த எண்ணைக் கேட்டதும் நெஞ்சு பதறும். பதற்றத்தோடு இன்னொரு தகவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தான் அறிக்கையிட்டவற்றை ஃபேஸ்புக் ஆராய்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், முன்பே அறிக்கையிடப்பட்ட படங்களின் பிரதிகள் அல்லது அவற்றை ஒத்தவை. அந்தக் காலத்தில் சிக்கியவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வெறும் ஆறு வீடியோக்களே காரணம். அதாவது, 89 லட்சம் தகவல் என்றால் 89 லட்சம் குழந்தைகள் என்று பொருளல்ல. பழைய வீடியோ ஒன்றை ‘இந்தக் கொடுமையைப் பாருங்கள்’ என்று கோபத்தோடு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். வக்கிரத்தோடு சேர்த்து வைத்தவரும் இருக்கிறார். தன் வீட்டுப் பிள்ளையையே படமெடுத்தவனும் அதே கணக்கில், அதே வரிசையில், ஒரு வரியாக இருக்கிறான்.

அந்த மூன்றாமவனைத் தேடுவதுதான் வேலையின் கடினமான பகுதி. மலைபோல் குவியும் தகவலில் எளிதாகக் கைக்கு வருவது மற்ற இருவரும்தான். முகவரி தெரியும், கைபேசி எண் தெரியும், வீட்டுக்குப் போனால் கைதும் செய்யலாம், மறுநாள் செய்தியும் வரும். கைது எண்ணிக்கையே அளவுகோலானால் எந்த அதிகாரியும் எளிதான பக்கம்தான் சாய்வார். அது அவர் தவறல்ல, அளவுகோலின் தவறு. பழைய படத்தையும் புதிய படத்தையும் பிரித்தறிய வழி இருக்கிறது. 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் கணினிப் பேராசிரியர் ஹனி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ என்னும் நுட்பம், ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போன்ற ஓர் எண்தொடரைக் கணக்கிட்டுத் தருகிறது. படத்தைச் சற்றுச் சுருக்கினாலும் நிறம் மாற்றினாலும் பெரும்பாலும் அந்த ரேகை பொருந்திவிடும். பொருந்தினால், உலகத்துக்கு முன்பே தெரிந்த படம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டிருக்கக்கூடும். எதனோடும் பொருந்தாத ரேகை வந்தால்தான் நிலையத்தில் மணி அடிக்க வேண்டும். இதுவரை யாரும் பார்த்திராத பிள்ளை அது. அந்தக் கொடுமை நேற்று நடந்திருக்கலாம். இன்று இரவும் நடக்கலாம்.

அப்படி ஒரு பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தை வைத்து மட்டுமல்ல. பெரும்பாலும் பின்னணியை வைத்து. சுவரில் இருக்கும் மின் இணைப்புப் பெட்டியின் வடிவம், கட்டிலின் மேல் விரித்த போர்வையின் அச்சு, மேசையில் இருக்கும் ஷாம்பு பாட்டிலின் சீட்டு, பள்ளிப் பையின் சின்னம், வீடியோவில் தூரத்தில் கேட்கும் பேச்சின் வட்டார வழக்கு. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017இல் இதற்குப் பொதுமக்களின் உதவியையே நாடியது. படத்திலிருந்து பிள்ளையை முழுவதுமாக நீக்கிவிட்டு, ஒரு திரைச்சீலையை மட்டும், ஒரு பொம்மையை மட்டும் வெட்டி வெளியிட்டு, ‘இது எந்த நாட்டில், எந்தக் கடையில் விற்பது?’ என்று கேட்டது. ஆயிரக்கணக்கானோர் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்கள் வழியாக இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். இன்டர்போல் பராமரிக்கும் படத் தரவுத்தளத்தில் பல நாட்டுப் புலனாய்வாளர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதிக்கொள்கிறார்கள். ஒருவருக்குப் புரியாத சுவர்க் கடிகாரம் இன்னொருவருக்குத் தன் ஊர்க் கடைத்தெருவை நினைவூட்டும். அந்தத் தரவுத்தளத்தின் வழியாக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளனர். 2022இல் 68ஆவது நாடாக இந்தியாவும் அதில் இணைந்தது. தமிழில் ஒரு தாலாட்டோ, ஒரு பேருந்தின் தடம் எண்ணோ, ஒரு நாட்காட்டியின் தாளோ பின்னணியில் தெரிந்தால், அதைப் படிக்கத் தெரிந்த கண் நம்மிடம்தான் இருக்கிறது. அந்தக் கண்ணை நாம் பயிற்றுவிக்காவிட்டால் வேறு யாரும் நமக்காகப் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பொறுமையான வேலைக்கு எடுத்துக்காட்டாக ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தென்கொரியாவில் ஓர் இளைஞர் தன் வீட்டிலேயே சர்வர் வைத்து, ‘வெல்கம் டு வீடியோ’ என்ற தளத்தை 2015 முதல் டார்க் வெப் எனப்படும் இருண்ட இணையத்தில் நடத்தினார். பிட்காயின் கொடுத்தால் வீடியோ. அல்லது புதிய வீடியோ ஒன்றைக் கொடுத்தால் அதற்கு ஈடாகச் சலுகை. இந்தப் பண்டமாற்றின் கொடூரத்தைக் கவனியுங்கள்: பணமில்லாதவன் ஒரு பிள்ளையைக் கொடுமைப்படுத்திப் படமெடுத்தால் போதும் என்று அந்தத் தளம் தூண்டியது. 2018 மார்ச்சில் சர்வர் கைப்பற்றப்பட்டபோது ஏறத்தாழ இரண்டரை லட்சம் வீடியோக்கள் இருந்தன. முதலில் ஆராயப்பட்டவற்றில் 45 சதவீதம், அமெரிக்க மையத்துக்கு அதுவரை தெரியாத புதிய படங்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்த மந்திரப் பூட்டையும் உடைக்கவில்லை. அமெரிக்க வருமான வரித் துறையின் புலனாய்வாளர்கள் பிட்காயின் பரிமாற்றங்களைக் கணக்குப் பிள்ளையைப் போல வரிவரியாகப் பின்தொடர்ந்தார்கள். தளத்தின் பக்க மூலநிரலில் கவனக்குறைவாக விடப்பட்ட இணைய முகவரி ஒன்று அவர்களைச் சர்வர் இருந்த வீட்டுக்கே அழைத்துச் சென்றது. 2019 அக்டோபரில் முடிவு அறிவிக்கப்பட்டபோது 38 நாடுகளில் தளத்தின் பயனர்கள் 337 பேர் கைதாகியிருந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயினில் குறைந்தது 23 பிள்ளைகள், வாடிக்கையாளர்களின் பிடியிலிருந்து மீட்கப்பட்டிருந்தார்கள். தளத்தை நடத்தியவருக்குக் கொரியாவில் கிடைத்தது ஒன்றரை ஆண்டுச் சிறை. அமெரிக்காவுக்கு நாடு கடத்தவும் சோல் உயர் நீதிமன்றம் 2020இல் மறுத்தது. தண்டனையை மட்டும் பார்த்தால் இந்த வழக்கு தோல்வி. அந்த 23 பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால், அன்றோடு கொடுமை நின்றது. எந்த அளவுகோல் உண்மையைச் சொல்கிறது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேட்டையாடுபவன் எங்கோ இருண்ட இணையத்தில் இருக்கிறான் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்குகளில், கடுமையான வன்கொடுமைப் பிரிவுகளின் கீழ்ப் பதிவானவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. ஆக, அறியாத ரேகை ஒன்று வந்தால் அதன் மறுமுனை பெரும்பாலும் ஒரு வீடு, ஒரு விடுதி, ஒரு டியூஷன் அறை. அதே வேளையில் இன்னொரு வகைக் குற்றம் வேகமாக வளர்கிறது. அதில் வேட்டையாடுபவன் பிள்ளையைத் தொடுவதே இல்லை. ஆன்லைன் விளையாட்டில் அறிமுகமாகிறான். அதே வயதுப் பிள்ளையாக நடிக்கிறான். பாராட்டுகிறான், விளையாட்டு நாணயம் பரிசளிக்கிறான். வீட்டில் திட்டு வாங்கிய அன்று ஆறுதல் சொல்கிறான். பிறகு பேச்சை வேறொரு செயலிக்கு மாற்றுகிறான். ‘நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்’ என்கிறான். ஒரு படம் கேட்கிறான். அந்த ஒரு படம் கைக்கு வந்த நொடியில் நண்பன் மறைந்து மிரட்டுபவன் தோன்றுகிறான். ஆங்கிலத்தில் குரூமிங் என்பார்கள். பழக்கி மடக்குவது என்று நாம் சொல்லலாம். பிரிட்டனின் இணையக் கண்காணிப்பு அறக்கட்டளை 2023இல் கண்டறிந்த 2,75,000-க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களில் 92 சதவீதம், பிள்ளைகளே தங்கள் கேமராவில் எடுக்கும்படி செய்யப்பட்ட படங்களைக் கொண்டவை. பழக்கி மடக்கும் குற்றம் பற்றி அமெரிக்க மையத்துக்கு 2023இல் 1,86,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்தன. 2024இல் அது 5,46,000-ஐத் தாண்டியது.

இந்தக் குற்றத்தின் பூட்டு பயம். ‘அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன்’ என்ற ஒரு வரி போதும். பிள்ளை வாயைத் திறக்காது. குற்றவாளியைவிட வீட்டுக்கும் பள்ளிக்கும் அது அதிகம் பயப்படுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022இல் 17 வயது மாணவர் ஒருவர் இத்தகைய மிரட்டலுக்கு உள்ளாகி உயிரை மாய்த்துக்கொண்டார். மிரட்டியவர்கள் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் இருந்த சகோதரர்கள். அவர்கள் அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, 2024இல் பதினேழரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். காவல் துறையின் கை லாகோஸ் வரை நீண்டது; ஆனால் அந்த மாணவர் அழைப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆகவே பிள்ளையைத் தேடும் காவல் பணி என்பதில் இன்னொரு பாதியும் இருக்கிறது: பிள்ளை தானாக வந்து சொல்லத் துணியும் இடமாகக் காவல் நிலையம் இருக்க வேண்டும்.

நம் சட்டம் இதைத் தெளிவாகவே நினைத்துப் பார்த்திருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் பதிய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும். சீருடை அணிந்திருக்கக் கூடாது. பெற்றோரோ, பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆ பிரிவு, பிள்ளையை இணையத்தில் பாலியல் உறவுக்கு வசப்படுத்துவதையே குற்றம் என்கிறது. சந்திப்பு நடந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எழுத்தில் குறை அதிகமில்லை. குறை வாசற்படியில்தான். ‘நீ ஏன் படம் அனுப்பினாய்?’ என்று ஓர் அதிகாரி முதல் கேள்வி கேட்டால், மேலே சொன்ன அத்தனை பிரிவுகளும் அந்த நொடியில் செத்துப்போகும். மிரட்டியவன் பிள்ளையிடம் சொன்னதும் அதுதானே: தவறு உன்னுடையது என்று. அதே வாக்கியத்தைக் காக்கிச் சட்டையின் வாயிலிருந்தும் கேட்கும் பிள்ளை இனி யாரிடமும் பேசாது. தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. வேறு பல மாநிலங்களுக்கு இந்த அளவில் வாய்க்காத கட்டமைப்பு இது. அந்த நிலையங்களின் மேசையில் முதலில் சொல்லப்பட வேண்டிய வாக்கியத்தைப் பயிற்சியில் எழுதிக் கொடுக்கலாம்: ‘சொன்னது நல்லதாயிற்று கண்ணு, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: ‘வைத்திருப்பவனைக் கைது செய்தாலே போதும், பார்ப்பவன் இல்லாவிட்டால் எடுப்பவன் இருக்க மாட்டான்.’ இதில் உண்மை இருக்கிறது. தேவைதான் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதற்கு அந்தக் கொரியத் தளத்தின் பண்டமாற்றே சாட்சி. அதனால்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். ஆனால் கைதை வழக்கின் முடிவாகக் கொள்வதும் தொடக்கமாகக் கொள்வதும் வேறு வேறு. கைப்பற்றிய ஒவ்வொரு கைபேசியிடமும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: இந்த மனிதரின் கைக்கெட்டும் தூரத்தில் ஏதேனும் பிள்ளை இருக்கிறதா? இவர் சேமிப்பில், எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத பிள்ளையின் படம் ஏதேனும் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தேடாமல் குற்றப்பத்திரிகை மட்டும் தாக்கல் செய்தால், கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பி வந்ததற்குச் சமம்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: ‘பிள்ளைகளின் பெயரைச் சொல்லி எல்லோருடைய கைபேசிக்குள்ளும் அரசு நுழையப் பார்க்கிறது.’ இந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை தன் சிறு மகனுக்கு வந்த தொற்றை மருத்துவருக்குக் காட்டப் படமெடுத்தார். கூகுளின் தானியங்கிக் கண் அதைக் குற்றப் பதிவாகக் கண்டது. காவல் துறை விசாரித்துத் தவறில்லை என்று முடித்த பிறகும் அவர் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் கைபேசிக்குள்ளேயே படங்களைச் சோதிக்கும் திட்டத்தை 2021இல் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் மறு ஆண்டே கைவிட்டது. எல்லோருடைய படங்களையும் சலித்துப் பார்ப்பதே ஒரே வழி என்றால் இந்த மறுப்பு என் வாதத்தைச் சாய்த்துவிடும். ஆனால் அது ஒரே வழியல்ல. கொரிய வழக்கில் கிடைத்த வெற்றி யாருடைய உரையாடலையும் ஒட்டுக்கேட்டு வந்ததல்ல. பணத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து வந்தது. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் ஒரே நாளில் பல சிறுவர்களுக்கு நட்பழைப்பு அனுப்பினால், செய்தியைப் படிக்காமலேயே அந்தப் போக்கை நிறுவனம் காண முடியும். புகார் பொத்தானைப் பிள்ளைக்குப் புரியும்படி, தமிழில் வைக்க முடியும். அமெரிக்க மையம் 2023இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ சேவையில், பிள்ளை தன் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. ரேகையை மட்டும் தன் கைபேசியிலேயே உருவாக்கி அனுப்பினால், பங்கேற்கும் தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். பிள்ளையின் அந்தரங்கத்தையும் பெரியவர்களின் அந்தரங்கத்தையும் ஒருசேரக் காக்கும் வழிகள் உண்டு. அவற்றுக்கு அதிக உழைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, காவல் துறையே கையாளும் தந்திரங்களைப் பற்றியது. பிள்ளையைப் போல நடித்துக் குற்றவாளியைப் பிடிப்பது சரியா? 2013இல் டெர் தே ஓம் என்னும் நெதர்லாந்துக் குழந்தை நல அமைப்பு, ஸ்வீட்டி என்ற பெயரில் கணினியில் வரைந்த பத்து வயதுப் பிலிப்பைன்ஸ் சிறுமியின் உருவத்தை உரையாடல் தளங்களில் உலவவிட்டது. பத்து வாரங்களில் 20,000-க்கும் மேற்பட்டோர் அவளை அணுகினார்கள். 71 நாடுகளைச் சேர்ந்த ஆயிரம் பேரின் விவரங்கள் இன்டர்போலிடம் ஒப்படைக்கப்பட்டன. எந்தப் பிள்ளைக்கும் ஆபத்து நேராமல் குற்றத்தின் பரப்பை அது காட்டியது. ஆனால் இதே வேலையைக் காட்சிப் பொருளாக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2006 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் மர்ஃபி நகரில், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத் தன்னார்வலர்கள் தூண்டில் போட்டு, இருபதுக்கும் மேற்பட்டோரைக் காவல் துறை கைது செய்தது. சந்தேகிக்கப்பட்ட ஒருவர், வீட்டு வாசலில் காவலரும் கேமராவும் வந்து நின்றபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது என்று கூறி மாவட்ட அரசு வழக்கறிஞர் யார் மீதும் வழக்குத் தொடரவில்லை. கேமராவுக்கு வேண்டியது கிடைத்தது; சட்டத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நம் ஊரிலும் சந்தேகப்பட்டவரைப் பிடித்து அடித்து வீடியோ எடுத்துப் பரப்புவதை வீரமாகக் கருதுவோர் உண்டு. அவர்கள் செய்வது சாட்சியத்தை அழிக்கும் வேலை.

தந்திரத்தின் எல்லையை இன்னும் கூர்மையாகக் கேட்கவைத்த நிகழ்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. குயின்ஸ்லாந்து காவல் துறையின் ஆர்கோஸ் பிரிவு இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. அது 2016இல் ‘சைல்ட்ஸ் பிளே’ என்னும் இருண்ட இணையத் தளத்தைக் கைப்பற்றி, மூடாமல் ஏறத்தாழ 11 மாதம் தானே நடத்தியது. தளத்தில் புதிதாகச் சேர்பவர்களையும் புதிய படங்களைப் போடுபவர்களையும் பின்தொடர்வது நோக்கம். சந்தேகம் வராமலிருக்க, முந்தைய நிர்வாகி வழக்கமாகச் செய்ததுபோல் கொடுமைப் படத்தோடு பதிவும் இட்டது. நார்வேயின் வி.ஜி. நாளிதழ் 2017இல் இதை வெளிப்படுத்தியபோது உலகமெங்கும் விவாதம் எழுந்தது. அந்த அதிகாரிகளின் நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவே அதைச் செய்தார்கள். ஆனாலும் என் அளவுகோல் அவர்களுக்கும் பொருந்த வேண்டும். படத்தில் இருக்கும் பிள்ளையே முதன்மை என்றால், அந்தப் பிள்ளையின் துயரத்தை அரசே இன்னொரு முறை கடைவிரிப்பதற்கு எந்த நல்ல நோக்கமும் அனுமதிச் சீட்டாகாது. ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையைச் செலவழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. வரைந்த உருவம், நடிக்கும் அதிகாரி, பணத் தடம் ஆகிய மூன்றும் எல்லைக்கு உள்ளே. உண்மைப் பிள்ளையின் படம் எல்லைக்கு வெளியே என்று நான் கோடு கிழிப்பேன்.

நான்காவது மறுப்பு நம் வீடுகளில் அடிக்கடி கேட்பது: ‘காவல் துறை எதற்கு? கைபேசியைப் பிடுங்கி வைத்தால் முடிந்தது.’ சிறு பிள்ளைகள் கையில் கட்டுப்பாடில்லாத கைபேசி வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் பிள்ளை நடந்ததைச் சொன்னவுடன் கைபேசியைப் பிடுங்கும் வீட்டில், பிள்ளை அடுத்த முறை எதையும் சொல்லாது. மிரட்டுபவன் நம்பியிருப்பதும் அந்தத் தண்டனையைத்தான். மேலும், கொடுமை செய்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், கைபேசியைப் பிடுங்குவது பிள்ளையின் கடைசிக் கதவையும் சாத்துவதாகும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க அதற்கும் ஒரு கைபேசி வேண்டுமே. பெற்றோரின் கவனம் காவல் பணிக்கு மாற்றல்ல, துணை. உச்ச நீதிமன்றமும் அதே தீர்ப்பில், வயதுக்கேற்ற பாலியல் கல்வியை விரிவாகக் கொண்டுசெல்வது பற்றிச் சிந்திக்குமாறு அரசைக் கேட்டுக்கொண்டது. உடலைப் பற்றிப் பேசச் சொல் தெரியாத பிள்ளை புகார் கொடுக்கவும் சொல் தெரியாமல்தான் நிற்கும்.

கடைசியாக, ‘இதற்கெல்லாம் ஆள் எங்கே, பணம் எங்கே?’ என்ற மறுப்பு. நேர்மையான கேள்வி. திருவிழா பந்தோபஸ்துக்கும் தேர்தல் பணிக்கும் நடுவே ஒரு மகளிர் நிலைய ஆய்வாளர் வீடியோவின் பின்னணியில் திரைச்சீலையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இது தனிப் பிரிவின் வேலை. மத்தியப் புலனாய்வுத் துறை 2019இல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. மாநிலத்திலும், இடமாற்றங்களில் கலையாத, பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காண்பதையே தொழிலாகக் கொண்ட சிறு குழு வேண்டும். இந்த வேலை மேலும் கடினமாகியும் வருகிறது: 2024இல் செயற்கை நுண்ணறிவால் உருவான பதிவுகள் தொடர்பாக மட்டும் 67,000 தகவல்கள் அமெரிக்க மையத்துக்குப் போயின. இல்லாத பிள்ளையைத் தேடி நாட்கள் வீணாகலாம். அதைவிடக் கொடுமை, உண்மைப் பிள்ளையைப் பொய்யென்று ஒதுக்கிவிடலாம். இதைப் பிரித்தறியும் திறன் ஆண்டுக்கணக்கில் பழகி வருவது. அந்தப் படங்களை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு உளநல ஆலோசனையும் பணிச் சுழற்சியும் சலுகையாக அல்ல, பணி விதியாக இருக்க வேண்டும். கண் மரத்துப்போன அதிகாரிக்குப் பின்னணியில் இருக்கும் பள்ளிப் பை தெரியாது.

இத்தனையும் சொல்லி நான் கேட்பது சிறிய ஒரு மாற்றம். ஆண்டுதோறும் காவல் துறை வெளியிடும் கணக்கில் இத்தனை தகவல்கள், இத்தனை வழக்குகள், இத்தனை கைதுகள் என்று பத்திகள் இருக்கின்றன. அதில் இன்னொரு பத்தி சேரட்டும்: இந்த ஆண்டு படங்களிலிருந்து அடையாளம் காணப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், எண் மட்டும் போதும். முதல் ஆண்டு அந்தக் கட்டத்தில் சுழியம் வரலாம், வரட்டும். சுழியத்தைப் பார்த்துத் துணுக்குறும் ஆய்வாளர் அடுத்த ஆண்டு அதை ஒன்றாக்க முயல்வார். அம்பத்தூர் வழக்கில் இரண்டு வீடியோக்கள் இருந்தன என்றேன். வைத்திருந்தவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். அந்த வீடியோக்களுக்குள் இருந்தவர்கள் எந்த நாட்டில் பிறந்தவர்கள், இப்போது என்ன வயது, அவர்களை யாரேனும் தேடினார்களா என்பதைக் கேட்க வேண்டிய கட்டம் நம் படிவங்களில் எதிலும் இல்லை. அந்தக் கட்டத்தை வரைந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.